சுவாமி சகஜானந்தர்

அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், 1890 சனவரி 27-இல், ஏழைப் பெற்றோர்க்குப் பிறந்தவர் முனிசாமி. திண்டிவனத்துக் கிறித்தவ மிஷன் பள்ளியில், விடுதியில் உண்டு உறைந்து கற்று வந்தார். அறிவிற் சிறந்த அம்மாணவரை மதம் மாறுமாறு வற்புறுத்தினர், அவர் இசையவில்லை. விடுதியும் படிப்பும் ஒருங்கே பறிபோயின. உண்ட சோற்றுக்கு உள்ளத்தை விலையாகக் கேட்பது எவ்வகை அறமோ!

கோலார் தங்கவயலில் பெற்றோருடன் வாழ்ந்தவர், பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து, தமிழும் வேதாந்தமும் பயின்று சகஜானந்தரானார். 1910-இல் சிதம்பரம் சேர்ந்தார். நந்தனாரை வாயிலில் நிறுத்திய அத்திருநகரிலேயே, 1916-இல், அவர் பெயரால் பள்ளி கண்டார். சேரிப் பிள்ளைகள் தங்கிக் கற்க விடுதியும் அமைத்தார். சட்டமன்றம் புகுந்தும் கல்விப்பணி விட்டாரில்லை. 1959 மே 1-இல் அடிகளார் மறைந்தார். நந்தனார் பள்ளியில் மணியோசை தொடர்ந்தது.