டிரில் வகுப்புக்கு வித்திட்ட பெருந்தகை ஹாரி குரோ பக்

நம் பிள்ளைகளின் கால அட்டவணையில் தமிழ், கணக்கு, அறிவியல் என்னும் பாடங்களுக்கு நடுவே பி.டி. என்று ஒரு பீரியட் இருக்கிறது. நம்மில் மூத்தவர்கள் அதனை டிரில் வகுப்பு என்று சொல்லிப் பழகியவர்கள். அவ்வகுப்பு நம் மாகாணத்தில் முறையாக வேரூன்ற அரும்பாடுபட்டவர் கடல் கடந்து வந்த ஓர் அமெரிக்கர் என்பது பலருக்குத் தெரியாது. ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில், நம் இளையோரின் நலனை முன்னிட்டு, அன்னாரின் வாழ்வைச் சற்றே நினைவுகூர விழைகிறோம்.

ஹாரி குரோ பக் 1884-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். கிறிஸ்தவ இளைஞர் சங்கம், அதாவது ஒய்.எம்.சி.ஏ., ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நடத்திய பயிற்சிக் கல்லூரியில் கற்றுத் தேர்ந்தார். அது சாதாரணக் கல்லூரி அன்று. பனிக்காலத்தில் வெளியே சென்று விளையாட முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் 1891-இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தது அங்கேதான். அடுத்த நான்கு ஆண்டுகளில், அருகிலிருந்த ஹோலியோக் நகரின் ஒய்.எம்.சி.ஏ.யில் கைப்பந்தும் பிறந்தது. மைதானம் இல்லை, பருவம் சரியில்லை என்று சாக்குச் சொல்லாமல், இருக்கும் இடத்தில் ஆட வழி தேடும் மனப்பான்மையை அக்கல்லூரி தன் மாணவர்களுக்கு ஊட்டியது.

1919-இல் பக் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றாலே பட்டாளத்து டிரில்தான். படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் விசில் ஊதுவார். பிள்ளைகள் வரிசையாய் நின்று கையை உயர்த்தி இறக்குவார்கள். அதில் ஒழுங்கு இருந்தது. மகிழ்ச்சிதான் குறைவாக இருந்தது. பந்து விளையாட்டோ, திறமை மிக்க ஒரு சிலருக்கு மட்டுமே கிட்டியது. மற்றவர்கள் வேலியோரம் நின்று கைதட்டிக் கலைந்தார்கள்.

இக்குறையின் வேர் எங்கே இருக்கிறது என்பதைப் பக் கண்டுகொண்டார். கணக்குக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் தேவை என்றால், விளையாட்டுக்கும் அப்படியே தேவை அல்லவா? எனவே 1920-இல், சென்னை எஸ்பிளனேடு பகுதியில், உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் ஐந்தே பேர். கடுகு விதை போன்ற அச்சிறு தொடக்கமே பின்னர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாய் வளர்ந்தது. ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது எனப் போற்றப்படும் அக்கல்லூரி, 1930-களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டை அருகே அடையாற்றங்கரைக்கு இடம்பெயர்ந்தது. இன்று நந்தனம் என்று நாம் அழைக்கும் பகுதி அதுவே.

சென்னை அரசு 1920-களில் அவரைத் தன் உடற்கல்வி ஆலோசகராக ஏற்றுக்கொண்டது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராய் உடன் சென்றார். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைவதற்கு உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் தலைமுறை தலைமுறையாய் விளையாட்டு ஆசிரியர்களின் கையேடாய் விளங்கிற்று. மேல்நாட்டு ஆட்டங்களைக் கொண்டுவந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. தண்டால், பஸ்கி, சடுகுடு போன்ற நம் நாட்டுப் பயிற்சிகளுக்கும் பாடத்திட்டத்தில் உரிய இடம் தந்தார்.

ஆயினும் ஒலிம்பிக் புகழைவிடப் பெரிதென நாம் கருதுவது ஒன்று உண்டு. விளையாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது, அதுவும் அன்றாடம் உரியது என்னும் கொள்கையே அது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் பந்து ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி பெற்ற ஆசிரியர் அவர்களை நான்கைந்து குழுக்களாய்ப் பிரிப்பார். குழுவுக்கு ஒரு மாணவத் தலைவனை நியமிப்பார். ஒரு குழு பந்தாடும், ஒன்று ஓடும், ஒன்று தாண்டும், மற்றொன்று கிளித்தட்டு ஆடும். சிறிது நேரத்தில் குழுக்கள் இடம் மாறும். எவரும் வேலியோரம் நிற்க நேராது. நோஞ்சான் பிள்ளைக்கும் பங்கு உண்டு. தலைமை ஏற்கும் பயிற்சியும் கிடைக்கும்.

பக் பெருந்தகை 1943-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் மறைந்தார். அதற்குள் அவரிடம் பயின்றவர்கள் இந்தியாவின் பல பகுதிகளிலும், இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் விசிலும் பந்துமாய்ப் பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். எனினும், தூரின் நகரத்து ஏழைச் சிறுவர்களை விளையாட்டுத் திடலின் வழியாகவே நல்வழிப்படுத்திய புனித ஜான் போஸ்கோவை வணங்கும் நமக்கு, இவரது தொண்டு அந்நியமாய்த் தோன்றாது.

இனி நம் நிலையைப் பார்ப்போம். அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் பெரும் ஆலைகளும் எழுந்தபின் நம் பகுதியில் குடியிருப்புகள் பெருகின. பிள்ளைகள் பம்பரமும் கில்லியும் ஆடிய பொட்டல்கள் வீட்டுமனைகளாயின. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சுகின்றனர். ஆகவே பல பிள்ளைகளுக்கு ஓடியாட எஞ்சியிருக்கும் இடம் பள்ளித் திடல் ஒன்றே. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. நாமோ தேர்வு நெருங்கியதும் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுக்கிறோம். அக்கடன் திரும்பி வந்ததை நாம் கண்டதில்லை. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்துவிட்டால் திடல் பக்கமே போகலாகாது என்று எண்ணும் வீடுகளும் நம்மிடையே உண்டு.

ஐந்து மாணவரோடு தொடங்கிய பக் பெருந்தகைக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி எளிதானது. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கும்போதே, பிள்ளை இன்று விளையாடினானா, விளையாடினாளா என்றும் கேட்போம். மாலையில் ஒரு மணி நேரம் கோயில் வளாகத்தின் வாயிலைச் சிறுவர் சிறுமியருக்குத் திறந்து வைப்போம். இறைவன் அளித்த உடலைப் பேணுவதும் அவருக்குச் செய்யும் ஆராதனையே என்பதை உணர்ந்து, வேலியோரம் நிற்கும் பிள்ளை ஒன்றுகூட இல்லாத பங்காய் நம் பங்கு விளங்க உழைப்போமாக!