பாஸ்கரர் ஒதுக்கிய ஐந்து
(இளங்கலைக் கணிதம், இரண்டாமாண்டு)

பள்ளியில் இருபடிச் சமன்பாட்டுக்கு வரைபடம் வரைந்த நாள்களில் எனக்கொரு கெட்ட பழக்கம் இருந்தது. வளைகோடு கிடை அச்சை இரண்டு இடங்களில் வெட்டும். அவற்றுள் ஒன்று கணக்குக்கு ஒத்துவராத எண்ணாக இருந்தால், ஏன் எதற்கு என்று பாராமல் ரப்பரால் அழித்துவிடுவேன். கல்லூரியின் முதலாண்டுத் தேர்வு ஒன்றில் அப்படி அழித்துவிட்டுக் காரணம் எழுதாததால் இரண்டு மதிப்பெண் போயிற்று. விடைத்தாளைத் திருப்பித் தந்த பேராசிரியர், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இப்படி ஒரு விடையை ஒதுக்கினார், ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டு ஒதுக்கினார் என்றார். அந்த ஒருவரைத் தேடி நூலகத்துக்குப் போனேன். இரண்டு மதிப்பெண்ணுக்காகப் போன எனக்குப் பாஸ்கராச்சாரியாரின் வரலாறே கிடைத்தது.

பாஸ்கரர் என்ற பெயரில் ஏழாம் நூற்றாண்டிலும் ஒரு கணித அறிஞர் வாழ்ந்தார். ஆதலால் நம்மவரை இரண்டாம் பாஸ்கரர் என்பார்கள். நம் பழைய அறிஞர்கள் பலருக்குப் பிறந்த ஆண்டு தெரியாமல் ஆராய்ச்சியாளர்கள் மல்லாடுகிறார்கள். இவர் அந்தத் தொல்லையை வைக்கவில்லை. தாம் பிறந்த சக ஆண்டையும், நூலை முடித்தபோது தம் வயதையும் தாமே எழுதிவைத்தார். அதன்படி அவர் பிறந்தது 1114-இல். சஹ்யாத்ரி மலையை ஒட்டிய விஜ்ஜடவிடம் அவருடைய ஊர். தந்தை மகேசுவரர் சோதிடமும் வானநூலும் வல்லவர். மகனுக்கு ஆசிரியரும் அவரே.

முப்பத்தாறாம் வயதில், அதாவது 1150-இல், பாஸ்கரர் 'சித்தாந்த சிரோமணி'யை முடித்தார். லீலாவதி, பீஜகணிதம், கிரககணிதம், கோளாத்தியாயம் என்று அது நான்கு பகுதி. லீலாவதி அவருடைய மகள் என்றும், முகூர்த்த நேரம் காட்டும் நீர்க்கடிகையில் முத்து விழுந்து அடைத்ததால் அவள் திருமணம் தவறியது என்றும், அவளைத் தேற்றவே நூலுக்கு அவள் பெயரை வைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. அக்பர் அவையிலிருந்த ஃபைசி 1587-இல் செய்த பாரசீக மொழிபெயர்ப்பில் வரும் கதை அது. பாஸ்கரர் தம் நூலில் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கதை அழகாக இருக்கிறது என்பதற்காக வரலாறாக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு வேண்டியது பீஜகணிதத்தில் இருந்தது. அதில் வரும் ஒரு குரங்குக் கணக்கு இது. ஒரு கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கை வர்க்கப்படுத்தினால் வரும் எண்ணிக்கையுள்ள குரங்குகள் காட்டில் துள்ளி விளையாடுகின்றன. மீதிப் பன்னிரண்டு குன்றின்மேல் இருக்கின்றன. மொத்தம் எத்தனை? மொத்தத்தை எக்ஸ் என்று கொண்டால், எக்ஸ் வர்க்கத்திலிருந்து 64 எக்ஸைக் கழித்து 768-ஐக் கூட்டினால் பூச்சியம் வரவேண்டும். வரைபடத்தாளில் இந்தக் கோவையை வரைந்தால், வளைகோடு கிடை அச்சை வெட்டும் இடங்களே விடை.

பாஸ்கரரிடம் வரைபடத்தாள் ஏது? தெக்கார்த்தின் வடிவியல் நூல் 1637-இல்தான் வந்தது. இவர் கையில் இருந்தது ஸ்ரீதரர் தந்த விதி. ஸ்ரீதரரின் இயற்கணித நூல் அழிந்துபோயிற்று. விதியைத் தந்தவர் பெயரை மறைக்காமல் பாஸ்கரர் எழுதியதால்தான் அது இன்று அவர் பெயரில் நிற்கிறது. வர்க்க உறுப்பின் கெழுவை நான்கு மடங்காக்கி இருபுறமும் பெருக்கு. எக்ஸின் கெழுவுடைய வர்க்கத்தை இருபுறமும் கூட்டு. பிறகு மூலம் எடு. இங்கே வலப்புறம் 4096-இலிருந்து 3072 போக 1024 நிற்கும். அதன் மூலம் 32. மிகையாகவும் கொள்ளலாம், குறையாகவும் கொள்ளலாம் என்பதால் 48, 16 என்று இரண்டு விடை. 48-இல் எட்டில் ஒரு பங்கு 6, வர்க்கம் 36, பன்னிரண்டு சேர்த்தால் 48. பதினாறுக்கும் அப்படியே சரிவரும். பாஸ்கரர் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்.

குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை, ஏனெனில் அது எந்த எண்ணின் வர்க்கமும் அன்று என்றும் அவர் எழுதினார். இதை நான் தாளில் சோதித்துப் பார்த்தேன். குன்றின்மேல் பன்னிரண்டுக்குப் பதில் பதினாறு குரங்குகளை வைத்தால் வளைகோடு அச்சை 32-இல் தொட்டுவிட்டு மேலேறிவிடுகிறது. பதினேழாக்கினால் அச்சுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. விதியின்படி மூலம் எடுக்கப் போனால் கையில் நிற்பது குறை எண்.

அடுத்த குரங்குக் கணக்குத்தான் என் மதிப்பெண்ணோடு சம்பந்தப்பட்டது. கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து வர்க்கப்படுத்திய அளவு குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. கிளையில் ஒன்று தெரிகிறது. விதிப்படி 50, 5 என்று இரண்டு விடை. இங்கே பாஸ்கரர் ஐந்தை ஒதுக்கிவிட்டார். ஐந்தின் ஐந்தில் ஒரு பங்கு ஒன்று. ஒன்றிலிருந்து மூன்றைக் கழித்தால் குறை இரண்டு. குறையாக நிற்கும் குரங்குகளை உலகத்தார் ஒப்பமாட்டார்கள் என்பது அவர் காட்டிய காரணம்.

முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. கடனைக் குறிக்கும் 'ருணம்' என்ற சொல்லாலேயே குறை எண்ணை வழங்கி, எண்ணின் தலையில் புள்ளி வைத்து எழுதிக் கணக்குப் போட்டவர், இங்கே உலகத்தாருக்கு அஞ்சலாமா என்று நினைத்தேன். குறை இரண்டின் வர்க்கம் நான்கு. ஒன்று கூட்டினால் ஐந்து. எண்ணளவில் பிழையே இல்லை. பிறகு ஒரு நாள் கணக்கைச் சற்று மாற்றி, மூன்றிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் கழிப்பதாக எழுதிப் பார்த்தேன். சமன்பாடு மாறவேயில்லை, வளைகோடும் அதேதான், 5-இலும் 50-இலும்தான் வெட்டுகிறது. ஆனால் இப்போது ஐந்து பொருந்தி, ஐம்பதை ஒதுக்கவேண்டி வருகிறது! வளைகோடு இரண்டு புள்ளிகளையும் வேறுபாடின்றிக் காட்டுகிறது. எது வேண்டும் என்பதைக் கேட்ட கேள்விதான் முடிவு செய்கிறது. பாஸ்கரர் ஐந்தை அழிக்கவில்லை. கண்டுபிடித்து, எழுதி, அதன்பிறகே ஒதுக்கினார். நானோ அழித்தேன். ஐரோப்பாவிலும் 1637-இல் தெக்கார்த் குறை மூலங்களைப் பொய் மூலங்கள் என்றே வழங்கினார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1183-இல், அறுபத்தொன்பது வயதில், பாஸ்கரர் 'கரண குதூகலம்' என்னும் வானநூலைச் செய்தார். மகன் லட்சுமீதரர் யாதவ மன்னர் ஜைத்திரபாலரின் அவையில் அறிஞராக விளங்கினார். பேரன் சாங்கதேவர் மன்னர் சிங்கணரின் சோதிடர். தாத்தாவின் நூல்களைப் பாடம் சொல்லவென்றே 1207-இல் சாங்கதேவர் ஒரு கல்விச்சாலைக்கு வழிசெய்தார். அதைக் குறிக்கும் கல்வெட்டு மராட்டிய மாநிலத்தில், சாலிஸ்காவுக்கு அருகிலுள்ள பாட்ணாவில் கிடைத்தது. பாஸ்கரரின் குடும்ப வழியும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் திண்ணையில் யாரோ ஒரு மாணவன் குரங்குக் கணக்கைப் போட்டுவிட்டு, ஐந்தை ஏன் விட்டீர்கள் என்று ஆசிரியரைக் கேட்டிருப்பான் என்றே எனக்குத் தோன்றுகிறது.