சோப்பு நுரையின் ரகசியம் கண்ட நூறு வயதுப் பெரியவர்

வீட்டுக்கு வீடு நடக்கும் காரியம் இது. கிண்ணத்தில் தண்ணீர். கையில் பிரஷ். எதிரில் கண்ணாடி. பிரஷைச் சோப்பில் தேய்த்து முகத்தில் சுழற்றினால் வெள்ளை வெளேர் என்று நுரை பொங்குகிறது. அதன்மேல் பிளேடு வழுக்கிக்கொண்டு போகிறது. நுரை இல்லாமல் வெறும் முகத்தில் பிளேடை வைத்தால் என்ன ஆகும்? எரிச்சல், கீறல், ரத்தம்!

இந்த நுரையைத் தரும் சோப்பு எப்படி உண்டாகிறது? கொழுப்பைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் அது ஏன் சோப்பாக மாறுகிறது? ஆயிரக்கணக்கான வருஷங்களாக மனிதர்கள் சோப்புக் காய்ச்சி வந்தார்கள். ஆனால் பானைக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி. பெயர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல். அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால், சவரச் சோப்பு டப்பியில் அச்சடித்திருக்கும் ஸ்டியரிக் அமிலம், கிளிசரின், லனோலின் என்ற பெயர்களெல்லாம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

பிரான்ஸ் நாட்டின் மேற்குப் பகுதியில் ஆன்ஜே என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1786-ஆம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி ஷெவ்ரல் பிறந்தார். தந்தை பெயர்பெற்ற டாக்டர். தந்தையும் தாயும் 90 வயதைத் தாண்டி வாழ்ந்தவர்கள். நீண்ட ஆயுள் அந்தக் குடும்பத்தின் சொத்து.

ஆனால் பிள்ளைப் பருவம் அமைதியாக இல்லை. அவருக்கு மூன்று வயது நிரம்பும் முன்பே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ராஜாவின் தலை உருண்டது. ஊர் ஊராகக் கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவியை நிறுத்தினார்கள். ஆன்ஜே நகரிலும் அது நின்றது. இரண்டு இளம் பெண்கள் அதில் கொல்லப்பட்டதைச் சிறுவன் ஷெவ்ரல் கண்ணால் கண்டார்.

அப்படிப்பட்ட கொந்தளிப்பான காலத்தில் வளர்ந்தவர், பிற்காலத்தில் மிகவும் பொறுமைசாலி என்று பெயர் வாங்கினார். ஆத்திரப்பட்டு முடிவு செய்வது அவரிடம் கிடையாது. எதையும் நிறுத்துப் பார்த்து, அளந்து பார்த்து, மறுபடியும் சோதித்துப் பார்த்த பிறகே சொல்வார்.

17 வயதில் அவர் பாரிஸ் நகரத்துக்கு வந்தார். அங்கே வோக்லன் என்ற ரசாயன ஆசிரியரிடம் சேர்ந்தார். வோக்லன் ஏழை விவசாயியின் மகன். தம் உழைப்பால் முன்னேறி, குரோமியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்தவர். குருவின் உழைப்பு சீடனிடமும் படிந்தது.

கைக்கு வந்த சோப்பு

1811-ஆம் வருஷம். ஷெவ்ரலுக்கு 25 வயது. ஆராய்ந்து பார்க்கும்படி ஒரு பொருள் அவர் கைக்கு வந்தது. அது பன்றிக் கொழுப்பையும் பொட்டாஷ் என்ற காரத்தையும் சேர்த்துச் செய்த சாதாரண சோப்பு.

வேறு ஒருவராக இருந்தால், சோப்பில் என்ன ஆராய்ச்சி என்று ஒதுக்கியிருப்பார். ஷெவ்ரல் ஒதுக்கவில்லை. சோப்பைத் தண்ணீரில் கலந்தார். அதில் அமிலத்தை விட்டார். முத்துப்போல் மின்னும் ஒரு பொருள் பிரிந்து வந்தது. அது பழைய பன்றிக் கொழுப்பு அல்ல. புதிய பொருள். அது ஓர் அமிலம்!

அன்று பலர் என்ன நினைத்தார்கள் தெரியுமா? கொழுப்பு என்பது ஒரே பொருள், அது அப்படியே காரத்தோடு ஒட்டிக்கொண்டால் சோப்பு என்று நினைத்தார்கள். அது தவறு என்று ஷெவ்ரலுக்குத் தோன்றியது. தோன்றினால் போதுமா? நிரூபிக்க வேண்டாமா?

அதற்காக அவர் 12 வருஷங்கள் உழைத்தார். ஆட்டுக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு, வெண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1823-இல் தம் முடிவுகளைப் பெரிய புத்தகமாக வெளியிட்டார்.

அவர் கண்ட உண்மையை ஓர் உவமையால் சொல்லலாம். கொழுப்பு என்பது காய்க்கொத்து மாதிரி. காம்பின் பெயர் கிளிசரின். அதில் தொங்கும் காய்களே கொழுப்பு அமிலங்கள். காரம் வந்து காய்களைப் பறித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சேர்க்கைதான் சோப்பு. காம்பு தனியாக விழுகிறது. அதுதான் கிளிசரின்.

இதைத் தராசு கொண்டே அவர் காட்டினார். கொழுப்பிலிருந்து பிரிந்த அமிலத்தையும் கிளிசரினையும் சேர்த்து நிறுத்தார். முதலில் இருந்த கொழுப்பைவிட எடை சற்று அதிகமாக இருந்தது. பிரியும்போது தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது என்று கண்டார். கிளிசரின் என்று பெயர் வைத்தவரும் அவரே. ஸ்டியரிக் அமிலம், ஒலியிக் அமிலம் முதலியவற்றைப் பிரித்துக் காட்டியவரும் அவரே.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்று தப்பியது. முத்துப்போல் மின்னிய முதல் அமிலத்தை அவர் தனிப் பொருள் என்று நம்பினார். அது இரண்டு அமிலங்களின் கலவை என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். ஆனாலும் அதைக் கண்டுபிடிக்க அவர்கள் நடந்த பாதை ஷெவ்ரல் போட்ட பாதைதான்.

சவரச் சோப்புக்குள் என்ன?

சாதாரணக் குளியல் சோப்பு பெரும்பாலும் சோடாக் காரத்தில் செய்வது. அது கெட்டியாக இருக்கும். பொட்டாஷில் செய்த சோப்பு மெதுவாக இருக்கும், சீக்கிரம் நுரைக்கும். ஆகவே சவரச் சோப்பில் பொட்டாஷைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். ஸ்டியரிக் அமிலமும் அதிகமாக இருக்கும். அதனால்தான் நுரை தயிர்போல் திரண்டு, முகத்தில் நெடுநேரம் நிற்கிறது.

நுரை நிற்பதால் என்ன லாபம்? உலர்ந்த தாடி மயிர் முரட்டுத்தனமானது. தண்ணீரில் ஊறினால் இளகிவிடும். நுரை அந்தத் தண்ணீரை முகத்திலேயே பிடித்து வைக்கிறது. கிளிசரினும் ஈரத்தை விடாமல் காக்கிறது. பிளேடும் வழுக்கிக்கொண்டு போகிறது.

ஆனால் ஒரு தொல்லை உண்டு. சோப்பு அழுக்கோடு சேர்த்துத் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடும். போதாததற்குப் பிளேடு வேறு சுரண்டுகிறது. சவரம் முடிந்ததும் சிலருக்கு முகம் இழுத்துப் பிடிப்பதும் எரிவதும் இதனால்தான். இதற்கு மருந்து ஆட்டின் முதுகிலே இருந்தது!

ஆட்டு ரோமத்தின் பசை

1824-இல் ஷெவ்ரல் பாரிஸில் உள்ள கோபெலின் நெசவுச் சாலையில் சாயப் பகுதிக்குத் தலைவரானார். ராஜாக்களின் அரண்மனைச் சுவர்களில் தொங்கும் சித்திரத் திரைகளைக் கம்பளி நூலால் நெய்யும் இடம் அது. அங்கே கறுப்புச் சாயம் மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு புகார் வந்தது. ஷெவ்ரல் சோதித்தார். சாயத்தில் குற்றம் இல்லை. பக்கத்தில் உள்ள நிறமே கறுப்பை மங்கலாகக் காட்டுகிறது என்று கண்டார். நிறங்களைப் பற்றி 1839-இல் அவர் எழுதிய புத்தகம் ஓவியர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

கம்பளியோடு பழகியவர் அதில் ஒட்டியிருக்கும் பசையையும் ஆராய்ந்தார். செம்மறி ஆட்டின் தோலில் சுரக்கும் பசை அது. மழைத் தண்ணீர் உடம்பில் இறங்காமல் ஆட்டைக் காப்பாற்றுகிறது.

இந்தப் பசை சாதாரணக் கொழுப்பு அல்ல என்பது பின்னால் தெரிந்தது. இதில் காம்பாக இருப்பது கிளிசரின் இல்லை. கொலஸ்டிரினும் அதுபோன்ற வேறு சில பொருள்களும் இருக்கின்றன. இந்தக் கொலஸ்டிரின் என்ற பெயரும் ஷெவ்ரல் வைத்ததுதான்! பித்தப்பைக் கல்லில் உள்ள பொருளுக்கு அவர் 1816-இல் சூட்டிய பெயர் அது. இன்று டாக்டர்கள் சொல்லும் கொலஸ்டிரால் இதுவே.

ஷெவ்ரலுக்கு 96 வயது நடந்தபோது, 1882-இல், ஜெர்மனியில் லீப்ரைஷ், பிரௌன் என்ற இருவர் கம்பளிப் பசையைச் சுத்தம் செய்யும் முறையைக் கண்டார்கள். அப்படிச் சுத்தமான பசைக்கு லனோலின் என்று பெயர் வந்தது. லத்தீன் மொழியில் லானா என்றால் கம்பளி, ஓலியம் என்றால் எண்ணெய்.

லனோலின் தன் எடையைப்போல் சுமார் இரண்டு மடங்கு தண்ணீரைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். காரம் அதை எளிதில் பிரித்துவிட முடியாது. ஆகவே சோப்பில் சேர்த்தாலும் அதில் பெரும்பகுதி லனோலினாகவே இருக்கும். சவரம் செய்யும்போது தோலின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது. முகம் வறளாமல் மிருதுவாக இருக்கிறது.

அளவு முக்கியம். லனோலின் அதிகமானால் நுரை அடங்கிப்போகும். சிலருடைய தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது. தடிப்போ அரிப்போ கண்டால் அந்தச் சோப்பை விட்டுவிட வேண்டும்.

நல்ல சோப்பு வாங்கினால் மட்டும் போதாது. முகத்தை வெந்நீரில் கழுவி, இரண்டு நிமிஷமாவது ஊறவிட வேண்டும். ஈரப் பிரஷினால் நுரையை நன்றாகச் சுழற்ற வேண்டும். மயிர் வளர்ந்த திசையிலேயே பிளேடை ஓட்ட வேண்டும். அவசரம் கூடாது.

மூத்த மாணவர்

ஷெவ்ரலுடைய கண்டுபிடிப்பால் ஏழை வீடுகளிலும் வெளிச்சம் வந்தது. அந்தக் காலத்துக் கொழுப்பு மெழுகுவத்தி புகையும், நாறும். கொழுப்பு அமிலத்தில் மெழுகுவத்தி செய்ய ஷெவ்ரலும் கே லூசாக் என்ற விஞ்ஞானியும் 1825-இல் உரிமை பெற்றார்கள். வியாபாரத்தில் அவர்கள் வெற்றி பெறவில்லை. வேறொருவர் பிற்பாடு முறையைத் திருத்தி நல்ல மெழுகுவத்தி செய்தார். ஷெவ்ரல் வருந்திக்கொண்டிருக்கவில்லை. அடுத்த ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

1862-இல் மனைவி காலமானார். 1871-இல் பாரிஸ் முற்றுகையின்போது அவர் தலைமை வகித்த இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையின்மேல் பிரஷ்யப் படையின் குண்டுகள் விழுந்தன. 84 வயதுக் கிழவர் ஓடி ஒளியவில்லை. அறிவுச் சாலையைக் குண்டு வீசித் தாக்கியதைக் கண்டித்து எழுதினார்.

எத்தனையோ பட்டங்கள் வந்தாலும், பிரான்ஸ் தேசத்து மாணவர்களில் மூத்தவன் என்று சொல்லிக்கொள்வதிலேயே அவருக்குப் பெருமை. 1886-இல் அவருடைய நூறாவது பிறந்த நாளைப் பாரிஸ் நகரம் கோலாகலமாகக் கொண்டாடியது. நாதார் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர் அவரைப் பேட்டி கண்டார். பேசப் பேச, நாதாரின் மகன் படம் எடுத்தார். படங்களோடு வெளிவந்த முதல் பத்திரிகைப் பேட்டி என்று அதைச் சொல்கிறார்கள்.

ஈபில் கோபுரம் உயர்ந்து வந்ததை அவர் ஆவலோடு பார்த்தார். கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவருடைய பெயரும் ஒன்று. 1889-இல் அவருடைய ஒரே மகன் காலமானார். சில நாட்களில், ஏப்ரல் 9-ந் தேதி, ஷெவ்ரலும் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 102.

ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள். கில்லட்டின் போயிற்று. ஆனால் 25 வயது வாலிபர் அற்பம் என்று தள்ளாமல் கையில் எடுத்த ஒரு துண்டுச் சோப்பு, இன்றும் உலகமெங்கும் கிண்ணங்களில் நுரைத்துக்கொண்டிருக்கிறது. சின்னப் பொருள் என்று எதையும் அலட்சியம் செய்யாதவனுக்கு அதுவே கீர்த்தியைத் தேடித் தரும் என்பதற்கு ஷெவ்ரலைவிட வேறு சாட்சி வேண்டுமா?