மோல்ஸ்வேர்த்தும் கடுகண்ணாவை ஏற்றமும்

மாணவர்களே, கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்தில் சென்றிருக்கிறீர்களா? றம்புக்கனையைத் தாண்டியதும் வண்டியின் வேகம் குறைவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கிருந்து கடுகண்ணாவை வரை பாதை மலை ஏறுகிறது. அந்த ஏற்றம் அமைக்கப்பட்டபோது தலைமைப் பொறியியலாளராக இருந்தவர் கில்ஃபோட் மோல்ஸ்வேர்த். அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் படித்தால் இழுவையும் வலுவும் உங்களுக்கு எளிதில் விளங்கும்.

மோல்ஸ்வேர்த் 1828 இல் இங்கிலாந்தில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். பொறியியல் கற்று, புகையிரதக் கம்பனியில் தொழில் பயின்றார். மரத்தை இயந்திரத்தால் அறுப்பது பற்றிய கட்டுரைக்காக வாற் பதக்கம் பெற்றார். வலுவின் அலகுக்கும் இப்பதக்கத்துக்கும் பெயர் தந்தவர் ஒருவரே: ஜேம்ஸ் வாற்.

1859 இல் இலங்கைக்கு வந்த அவர், 1862 இல் இலங்கைப் புகையிரதத்தின் தலைமைப் பொறியியலாளரானார். அக்காலத்தில் மலைநாட்டுக் கோப்பி மாட்டு வண்டிகளில்தான் கொழும்புக்கு இறங்கியது. 1864 இல் அம்பேபுசை வரையும், 1867 இல் கண்டி வரையும் புகையிரதம் ஓடியது. இப்பாதையை வெட்டிய தொழிலாளர் பலர் காய்ச்சலால் மாண்டனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் அவர்களுள் இருந்தனர். பெரிய மனிதரின் வரலாற்றைப் படிக்கும்போது இவர்களையும் மறவாதீர்கள்.

இனி, ஏற்றத்தின் கணக்கைப் பாருங்கள். அதன் சாய்வு 45 இற்கு 1. அதாவது, பாதை வழியே 45 மீற்றர் சென்றால் 1 மீற்றர் உயர்வீர்கள். எனவே உராய்வைப் புறக்கணித்தால், சீரான வேகத்தில் ஒரு பெட்டியை மேலே இழுக்க அதன் நிறையின் 45 இல் ஒரு பங்கு விசை வேண்டும்.

ஒவ்வொன்றும் 27 000 கிலோகிராம் திணிவுள்ள மூன்று பெட்டிகளை ஓர் எஞ்சின் இழுப்பதாகக் கொள்வோம். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால், ஒரு பெட்டியின் நிறை 270 000 நியூற்றன். அதற்குத் தேவையான விசை 6000 நியூற்றன்.

கடைசி இணைப்பு ஒரு பெட்டியை மட்டும் இழுக்கிறது. அதன் இழுவை 6000 நியூற்றன்.
நடு இணைப்பு இரண்டு பெட்டிகளை இழுக்கிறது. அதன் இழுவை 12 000 நியூற்றன்.
எஞ்சினுக்கு அடுத்த இணைப்பு மூன்றையும் இழுக்கிறது. அதன் இழுவை 18 000 நியூற்றன்.

எல்லா இணைப்புகளிலும் இழுவை சமம் என எழுதிப் பலர் புள்ளிகளை இழக்கின்றனர். ஓர் இணைப்பின் இழுவையைக் காண, அதற்குப் பின்னால் உள்ள பெட்டிகளை மட்டும் எண்ணுங்கள்.

வண்டி செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் ஏறினால், பெட்டிகளை இழுக்கும் வலு விசையினதும் வேகத்தினதும் பெருக்கமாகும்: 18 000 × 5 = 90 000 வாற்று, அதாவது 90 கிலோவாற்று. எஞ்சின் தன் சொந்த நிறையையும் ஏற்ற வேண்டுமாதலால் அதன் வலு இதிலும் கூடுதலாக வேண்டும்.

நீராவி எஞ்சின் காலத்தில், பாரமான வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் பூட்டப்பட்டது. இதனால் வலு கூடியது. முன் இணைப்பின் இழுவையோ குறைந்தது.

மோல்ஸ்வேர்த் 1871 இல் இந்தியாவுக்குச் சென்று அரச புகையிரதங்களின் ஆலோசகப் பொறியியலாளரானார். 1904 இல் பிரித்தானிய குடிசார் பொறியியலாளர் நிறுவனத்தின் தலைவரானார். பொறியியலாளர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத்தக்க சூத்திரக் கைநூல் ஒன்றையும் தொகுத்தார். அது பல பதிப்புகள் கண்டது. 1925 இல், தமது 96 ஆவது வயதில் காலமானார்.

கடுகண்ணாவையில் 2014 இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலைக்குச் சென்றால், பழைய எஞ்சின்களின் இணைப்புகளை உற்றுப் பாருங்கள். அவை ஏன் அவ்வளவு தடிப்பானவை என்பதற்கு இப்போது உங்களிடம் விடை உண்டு.

பயிற்சி: மேற்படி வண்டியில் அதே திணிவுள்ள நான்காவது பெட்டி ஒன்று சேர்க்கப்படுகிறது. வேகம் மாறாதிருக்க, முதல் இணைப்பின் இழுவையையும் பெட்டிகளை இழுக்கும் வலுவையும் காண்க.
விடை: 24 000 நியூற்றன், 120 கிலோவாற்று.