தாஷே பிரபுவின் பின்வாங்கல்
சேலம், நாமக்கல் சமவெளிகள் கம்பெனியார் வசமானது 1792-இல். அதற்கு வழி திறந்தது கடலில் என்பதே நமது அபிப்பிராயம். 1701-இல் பிறந்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தாஷே, 1758-இல் இருமுறை ஆங்கிலேயரான போகாக்குடன் பொருதினார், முடிவு காணவில்லை. 1759 செப்டம்பர் 10-இல் மூன்றாவது யுத்தம். இவர் பக்கம் 11 கப்பல்கள், அவர் பக்கம் 9. தொடையில் காயமுற்று இவர் வீழ்ந்தார், இவருடைய கப்பல் அணியினின்று திரும்பிற்று, மற்றவை பின்தொடர்ந்தன. இதனை நாம் குற்றமென்று கூறோம். ஆனால் புதுச்சேரியில் பணத்தையும் சிறிது படையையும் இறக்கிவிட்டு, ஊரார் மன்றாடியும் மொரீஷியஸுக்குப் பாய் விரித்தாரே! புயற்காலம் நெருங்கிற்று, ஒதுங்கத் துறைமுகமில்லை என்பது மெய்யே. மறுவருஷமும் வாராமைக்கு அக்காரணம் பொருந்துமோ? 1761 ஜனவரியில் புதுச்சேரி பட்டினியால் சரணடைந்தது. அதனைக் காத்து நின்ற லாலி 1766-இல் பாரிஸில் சிரச்சேதம் செய்யப்பட்டார். தாஷே 1780 வரை ஜீவித்திருந்தார்.