சகோதரர்களின் சாவு தேட வைத்த மருந்து

1923-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரில் ஓர் இந்திய இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் சுப்பாராவ். சென்னையில் படித்த டாக்டர். ஆனால் அங்கே வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்தது என்ன? ஆஸ்பத்திரியில் மலச்சட்டி கழுவும் இரவு வேலை!

ஆந்திராவில் பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர் அவர். பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை தேறினார். வைத்தியக் கல்லூரிக்குக் கதர் உடுத்திப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழுப் பட்டம் கிடைக்காமல் போயிற்று.

அதைவிடப் பெரிய இடி வீட்டில் விழுந்தது. சகோதரர்கள் இருவர், சில நாள் இடைவெளியில், ஸ்ப்ரூ என்ற கழிச்சல் நோயால் மாண்டார்கள். தின்றது உடம்பில் ஒட்டாமல் இரத்தம் சுண்டிப்போகும் நோய் அது. அதற்கு மருந்து தேடித்தான் சுப்பாராவ் கப்பல் ஏறினார்.

இருபது ஆண்டுக்குமேல் ஆயிற்று. லெடர்லி கம்பெனியில் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தார்கள். ஸ்ப்ரூவுக்கு மருந்து கிடைத்தது.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அதே வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை. வேகமாக வளர்ந்தது! அப்படியானால், அந்த அமிலத்தைத் தடுத்தால்? சுப்பாராவின் குழுவினர் அதே சாயலில் வேறொரு மருந்து செய்து கொடுத்தார்கள். பூட்டில் நுழைந்து, திறக்காமல் சிக்கிக்கொள்ளும் சாவி போன்றது அது. 1947 கடைசியில் அதைச் சோதிக்கத் தொடங்கினார் ஃபார்பர். 16 குழந்தைகளில் 10 பேர் தேறினார்கள். படுத்த பிள்ளை எழுந்து விளையாடியது.

எல்லாம் சில மாதங்கள்தான். மருந்துக்குத் தப்பிய அணுக்கள் பெருகி, நோய் திரும்பியது.

1948 ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. ஊரில் விட்டுப்போன மனைவியை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

ஒரு மருந்துக்குத் தப்பும் அணு, நான்கு மருந்துக்குத் தப்புமா? 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃப்ரை, ஃப்ரைரைக் என்ற இரு டாக்டர்கள் நான்கையும் சேர்த்தே கொடுத்தார்கள். பிஞ்சு உடம்பு தாங்காது என்று பலர் எதிர்த்தார்கள். பயம் நியாயமானதுதான், அந்த மருந்துகள் அவ்வளவு கடுமை. ஆனால் ஒவ்வொன்றும் நோயை ஒவ்வொரு விதமாகத் தாக்கியது. சில குழந்தைகள் பிழைத்து, வளர்ந்து பெரியவர்கள் ஆனார்கள்.

அந்த நான்கில் ஒன்று, சுப்பாராவின் குழுவினர் செய்த மெதோட்ரெக்சேட். இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு இன்றும் அதை மற்ற மருந்துகளோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.