கணினிக்குக் கைகாட்டி வைத்தவர்

அம்மா குழம்பு வைக்கிறாங்க. உப்பு தீர்ந்துபோச்சு. அம்மாவே கடைக்குப் போனா குழம்பு அடிப்பிடிச்சிடும். அதனால தம்பியை அனுப்புறாங்க. அவன் வர்றதுக்குள்ள பக்கத்து வீட்டில் வாங்கி உப்பு போட்டுட்டாங்க. தம்பி வந்து, கேட்காமலே அவனும் போட்டா என்ன ஆகும்? குழம்பு கரிக்கும்! இந்தத் தொல்லை கணினிக்கும் வந்தது. அதற்கு வழி சொன்னவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

இவர் 1930 மே 11-ல் நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார். 1952-ல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராம் எழுதும் வேலையில் சேர்ந்தார். 1957-ல் திருமணப் பதிவில் தன் தொழில் புரோகிராமர் என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே இல்லைன்னு அதிகாரிகள் ஏற்கவில்லை. கடைசியில் இயற்பியலாளர் என்று எழுத வேண்டியதாச்சு.

கணினியில் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும். இரண்டு வேலைகள் ஒரே கணக்கைத் தொட்டால் கணக்கு தப்பாகிடும். பழைய ரயில் பாதையில் கைகாட்டி மரம் இருக்கும். அதன் கை கிடையாக இருந்தா ரயில் நிற்கணும். அதுபோல ஒரு வேலை உள்ளே இருக்கும்போது மற்றது காத்திருக்கணும், முடிந்ததும் அடுத்ததற்கு வழி விடணும் என்று இவர் விதி செய்தார். அதற்கு செமஃபோர், அதாவது கைகாட்டி என்றே பெயர் வைத்தார். 1965-ல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார்.

இன்று செல்போனில் படம் இறங்கும்போதே திரையை நகர்த்துறோம் இல்லையா? படத்தை இறக்குவது பின்னணி இழை. திரையைக் கவனிப்பது முதன்மை இழை. பின்னணி இழை திரையைத் தானே தொடாது. படம் வந்ததும் தகவல் மட்டும் வெச்சுட்டு ஒதுங்கிடும். முதன்மை இழை அதை எடுத்துத் திரையில் காட்டும். தம்பி உப்பை மேடையில் வெச்சுட்டு அம்மாகிட்ட சொல்ற மாதிரிதான்.

1972-ல் இவருக்கு டூரிங் விருது கிடைத்தது. பிறகு அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 2002 ஆகஸ்ட் 6-ல் காலமானார். 1300-க்கும் மேற்பட்ட குறிப்புகள் எழுதினார். அவற்றில் நிறைய, நம்ம சுவர் இதழ் மாதிரியே, பேனாவால் எழுதியவை!

அன்று இல்லைன்னு சொன்ன அந்தத் தொழிலுக்குத்தான் இன்று நம்ம ஓசூர்ப் பக்கத்து அக்கா, அண்ணன்கள் பெங்களூருக்கு பஸ் ஏறுறாங்க. நாம் விரும்பும் வேலைக்கு இன்னும் பெயர் இல்லாமல் இருக்கலாம். அதற்காக விட்டுடக் கூடாது தோழிகளே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி